பழைய காரின் டிஸ்ரிபியூட்டருக்கு எண்ணெய்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி இழுக்கவில்லை, மிஸ் பண்ணுகிறது என்றால் கை முதலில் கார்பறேற்றருக்குத்தான் போகும். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் கிடைக்காமல் எங்கள் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார்பறேற்றர் அடைப்பதும் பிளக் கரி பிடிப்பதும் அன்றாட வேலையாக இருந்த நாட்கள் அவை. பெற்றோல் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனால் அந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் கார்பறேற்றரை விட்டு நகரவில்லை.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி எஞ்சின், லூக்காஸ் டிஎம்2 டிஸ்ரிபியூட்டர். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் உரிய நேரத்தில் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் சாதனம்தான் டிஸ்ரிபியூட்டர். இந்தக் காரிலும் அயலில் உள்ள இரண்டு மூன்று ஒஸ்ரின்களிலும் நான் பார்த்த கோளாறுகளில் பல, டிஸ்ரிபியூட்டருக்குள் நாலு துளி எண்ணெய் இல்லாததால் வந்தவை. இன்னும் சில, அங்கே நாற்பது துளி விட்டதால் வந்தவை. அதனால் குறியை வைத்துப் போகிறேன். உங்கள் கார் காட்டும் குறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் எண்ணெய் போகும் இடங்களைப் பற்றிய அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் விளங்கும்.

எண்ணெய் போகும் நான்கு இடங்கள்

தொடங்க முன் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். இந்தக் கார்களில், இடையில் யாரும் மாற்றியிருக்காவிட்டால், பொசிற்றிவ் பக்கம்தான் ஏர்த். திறப்பை ஓனில் விட்டுவிட்டு வேலை செய்யாதீர்கள். பொயின்ற், அதாவது கொயிலின் கரன்றைத் திறந்து மூடும் சிறு சுவிற்ச், மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், ஸ்பார்க்கை உண்டாக்கும் கொயிலுக்குள் கரன்ற் ஓடிக்கொண்டே இருக்கும், அரை மணித்தியாலத்தில் கொயில் கை வைக்க முடியாமல் சுடும்.

மூடியின் இரண்டு கிளிப்பையும் விடுத்து, பிளக் வயர்களோடு அப்படியே பக்கத்தில் சாய்த்து வையுங்கள். வயர்களைக் கழற்றத் தேவையில்லை. நடுவில் சுற்றி ஸ்பார்க்கைப் பங்கிடும் றோட்டரை நேராக மேலே இழுத்து எடுங்கள். இப்போது தெரிவதைப் பாருங்கள்.

நடுவில் நான்கு மேடுள்ள காம். அதன் தலையில் ஒரு ஸ்குறூ. இந்த ஸ்குறூவைக் கழற்றக்கூடாது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி வைத்தே செய்திருக்கிறார்கள், எண்ணெய் அதன் வழியாகக் கீழே இறங்கி, காமுக்கும் அதன் உள்ளே உள்ள ஷாஃப்ற்றுக்கும் நடுவில் போகும். அந்த ஸ்குறூவின் தலையில் இரண்டு மூன்று துளி மெல்லிய எண்ணெய். இது முதல் இடம்.

இரண்டாவது, காமின் பக்கங்கள். பொயின்ற்றின் ஃபைபர் குதி இதன்மேல்தான் உரசி ஓடுகிறது. இங்கே எண்ணெயைவிட கிறீஸ் நல்லது. அரை அரிசி அளவு எடுத்து விரல் நுனியால் காமைச் சுற்றி மெழுகுவது போலப் பூசினால் போதும். பளபளப்புத் தெரியவேண்டும், திரள் தெரியக்கூடாது.

மூன்றாவது, பொயின்ற் ஆடும் சிறு முளை. ஒரே ஒரு துளி. இரண்டாவது துளி நேராகப் பொயின்ற் முகத்துக்குப் போய்விடும்.

நான்காவதைத்தான் பலர் மறப்பது. பொயின்ற் இருக்கும் தட்டுக்குக் கீழே இரண்டு வெயிற்றுகளும் இரண்டு ஸ்பிறிங்குகளும் இருக்கின்றன. வேகம் கூடக் கூட வெயிற்றுகள் வெளியே விரிந்து காமை முன்னுக்குத் திருப்பும், அதுதான் அட்வான்ஸ். காமுக்கும் தட்டின் ஓட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் நான்கு ஐந்து துளி உள்ளே விடவேண்டும். நான் பாவிப்பது ஊசி போடும் சிறிஞ். அது இல்லாவிட்டால் ஒரு தென்னீர்க்கு போதும். எண்ணெயில் தோய்த்து எடுத்தால் நுனியில் ஒரு துளி தொங்கும், அதை வேண்டிய இடத்தில் தொட்டுவிடலாம். அப்பாவின் காலத்தில் எங்கள் வீட்டில் ஈர்க்குத்தான். இன்றைக்கும் முளைக்கு அதைவிடத் திறமான கருவி எனக்குத் தெரியாது.

எண்ணெய் என்றால் எது? ஸ்குறூவுக்கும் வெயிற்றுக்கும் முளைக்கும் தையல் மெஷின் எண்ணெய் நல்லது, எஞ்சினுக்கு விடும் எண்ணெயும் சரி. காமுக்கு, வீல் பெயாரிங்குக்குப் போடும் லிதியம் கிறீஸ். சேசிஸுக்கு அடிக்கும் மலிவான கல்சியம் கிறீஸ் வேண்டாம். அது கிட்டத்தட்ட 100 பாகை சூட்டிலேயே உருகத் தொடங்கும், உருகியது காமில் நிற்காமல் சுற்றிவரத் தெறிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் அவை பிசினாகி, வெயிற்றுகளை ஒட்டவைத்துவிடும். துரு கழற்ற அடிக்கும் ஸ்பிறே இறுகியதை இளக்கும், ஆனால் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். அதை எண்ணெய்க்குப் பதிலாக நினைக்கக்கூடாது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை? 5,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நிற்கிற கார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

குறி: ஐட்லில் கீச்சுக் கீச்சென்று குருவிச் சத்தம்

எஞ்சின் சூடானபிறகு, பொனற்றின் கீழிருந்து ஒழுங்கான இடைவெளியில் ஒரு கீச்சுச் சத்தம் வரும். வேகம் கூட்டினால் சத்தமும் விரைவாகும். முதலில் அது டைனமோவா டிஸ்ரிபியூட்டரா என்று பிரித்துப் பாருங்கள். டைனமோவின் பின்புறப் புஷ் காய்ந்தாலும் இதேபோலத்தான் கத்தும். ஃபான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் டைனமோ அல்லது தண்ணீர்ப் பம்ப் பக்கம். லூக்காஸ் டைனமோவின் பின்மூடியில் எண்ணெய் விட ஒரு சிறு துவாரம் இருக்கும், அதற்கும் இரண்டு துளி விடுங்கள், அங்கேயும் யாரும் விட்டிருக்கமாட்டார்கள்.

சத்தம் நிற்காவிட்டால் நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை டிஸ்ரிபியூட்டர் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கள். வயர்களிலிருந்தும் ஃபானிலிருந்தும் தள்ளி நில்லுங்கள், சால்வையோ தளர்ந்த சட்டையோ வேண்டாம். சத்தம் தெளிவாகக் கேட்டால், ஃபைபர் குதி காய்ந்த காமில் உரசுகிறது, அல்லது ஷாஃப்ற் காய்ந்த புஷ்ஷில் சுற்றுகிறது. காமுக்குக் கிறீஸ் பூசி ஓடவிட்டு நின்றால் முதலாவது. நிற்காவிட்டால் தட்டின் இடைவெளியால் எண்ணெய் விட்டு, எஞ்சினை ஓட்டாமல் ஒரு இரவு விடுங்கள், மெதுவாக ஊறி இறங்கட்டும்.

இந்தச் சத்தத்தை ‘கார் பழசு, அப்படித்தான் கத்தும்’ என்று விடக்கூடாது. அடுத்த குறி இதிலிருந்துதான் பிறக்கிறது.

குறி: பொயின்ற் செற் பண்ணி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் ஸ்ராட் ஆகக் கஷ்டம்

கராச்சில் பொயின்ற் புதிதாகப் போட்டு, இடைவெளி செற் பண்ணி, வண்டி பஞ்சுபோல ஓடும். பிறகு மெல்ல மெல்ல ஸ்ராட் பிந்தும், மேட்டில் சோரும். திரும்பக் கொண்டுபோனால் திரும்பச் செற் பண்ணித் தருவார்கள். இப்படி மூன்று தடவை போய்வந்த ஒருவரை எனக்குத் தெரியும். புதிய பொயின்ற் கூடாது, கடையில் இப்போது எல்லாம் போலி என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நடப்பது இதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தரம் சுற்றும்போது டிஸ்ரிபியூட்டர் அதில் பாதி, 1,500 தரம் சுற்றும். நான்கு மேடு என்பதால் குதி நிமிடத்துக்கு 6,000 தரம் தூக்கப்படுகிறது, ஒரு செக்கனுக்கு 100 தரம். காய்ந்த உருக்கில் அத்தனை தரம் உரசினால் ஃபைபர் தேயத்தான் செய்யும். குதி தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொயின்ற் பிந்தித் திறக்கும், அதாவது ரைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) தானாகப் பின்னுக்குப் போகிறது. ஒரு காய்ந்த காம் இரண்டு கோளாறைக் கொண்டுவருகிறது.

பார்க்கும் விதம்: மேல் கியரில் போட்டு, ஹாண்ட் பிறேக்கை விடுத்து, வண்டியைச் சமதரையில் மெதுவாக முன்னுக்குத் தள்ளுங்கள், எஞ்சின் சுற்றும். பிளக்குகளைக் கழற்றிவைத்தால் தள்ளுவது சுகம். குதி ஒரு மேட்டின் உச்சியில் வரும்போது நிறுத்தி ஃபீலர் கேஜை விடுங்கள். டிஎம்2, லூக்காஸின் இன்னொரு வகையான 25டி4 இரண்டுக்கும் 0.014 முதல் 0.016 அங்குலம், மில்லிமீற்றரில் 0.35 முதல் 0.40. ஏ40 டெவன், சோமசெட் கார்களில் வரும் பழைய வகைக்கு அளவு வேறு, அந்தக் காரின் கையேட்டில் உள்ளதை வையுங்கள். ஃபீலர் தகட்டில் எண்ணெய் இருந்தால் முதலில் துடையுங்கள், அதுவே பொயின்ற் முகத்தைக் கெடுக்கும்.

காமை விரலால் தடவிப் பாருங்கள். துருச் சொரசொரப்பு இருந்தால் கிறீஸ் மட்டும் உதவாது. மிக மெல்லிய எமரித் தாளை எண்ணெயில் நனைத்து அழுத்தாமல் மினுக்கி, தூளை ஒரு துணியால் முழுதாக எடுத்துவிட்டுத்தான் கிறீஸ். தூள் கிறீஸோடு சேர்ந்தால் குதியை அரம்போல அராவும்.

இடைவெளியைத் திருத்தினால் ரைமிங்கையும் திரும்பப் பாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும்.

குறி: ஐட்லில் நல்லது, றோட்டில் இழுக்கவில்லை, வெப்பம் ஏறுகிறது, பெற்றோல் குடிக்கிறது

இங்கேதான் கார்பறேற்றர்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன. ஜெற் மாற்றி, ஊசி மாற்றி, மிதவை மாற்றி, கடைசியில் ‘எஞ்சின் வேலை செய்யவேணும்’ என்ற இடத்துக்கு வந்துவிடும். அதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, றோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்புங்கள். மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிறிஜிலும், மேலிருந்து பார்த்தால், அது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசை. கொஞ்சத் தூரம் ஸ்பிறிங்கின் இழுவையோடு திரும்பவேண்டும். கையை விட்டதும் டக்கென்று பழைய இடத்துக்கு வரவேண்டும். அசையவே இல்லை என்றால் வெயிற்றுகள் இறுகிவிட்டன. அசைந்து, மெல்ல ஊர்ந்து திரும்பினால் எண்ணெய் பிசினாகியிருக்கிறது. திரும்பி வராமல் நின்றுவிட்டால் அடுத்த குறிக்குப் போங்கள்.

அட்வான்ஸ் இறுகியிருந்தால் ஐட்லில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே அதற்கு வேலையே இல்லை. வேகம் கூடும்போது ஸ்பார்க் முந்தி வரவேண்டும், வருவதில்லை. பெற்றோல் பிந்தி எரிந்து, சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக வால்விலும் புகைக்குழாயிலும் றேடியேட்டரிலும் போய்ச் சேர்கிறது. நல்லூர்த் திருவிழா நாட்களில் நெரிசலில் ஊர்ந்த பிறகு வெளியே வந்து மிதித்தாலும் வண்டி ஏறாது. றேடியேட்டரைக் கழுவத் தோன்றும். கழுவினாலும் தீராது.

எங்கள் ஊரில் இது கூடுதலாக வருவதற்குக் கடற்காற்று ஒரு காரணம். தீவகத்திலும் வடமராட்சிக் கரையிலும் நிற்கும் கார்களில் வெயிற்றின் முளைகளில் மெல்லிய செந்துரு படிந்திருக்கும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்கள் இன்னொரு காரணம். ஓடாமல் நிற்பதுதான் இந்த வெயிற்றுகளுக்கு எதிரி. ஓடுகிற காரில் அவை ஒவ்வொரு கியருக்கும் அசைந்து தங்களைத் தாங்களே துடைத்துக்கொள்கின்றன.

தீர்க்கும் விதம். முதலில் சுகமான வழி: தட்டின் இடைவெளியால் துரு கழற்றும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்து, றோட்டரை இரு பக்கமும் மெதுவாக ஆட்டுங்கள். பிடித்து முறுக்காதீர்கள், றோட்டர் வெடிக்கும். வேண்டுமானால் றோட்டரை எடுத்துவிட்டுக் காமைப் பிடித்து ஆட்டுங்கள். மாறிமாறி விட்டு ஆட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். இளகியதும் தையல் மெஷின் எண்ணெய் நான்கு துளி விடுங்கள். பொயின்ற் முகத்தைத் துடைத்து மூடுங்கள்.

இளகாவிட்டால் டிஸ்ரிபியூட்டரை வெளியே எடுக்கவேண்டும். எடுக்கும்போது, கழுத்தை இறுக்கும் கிளாம்பின் போல்ற்றை விடுக்காதீர்கள். கிளாம்ப் தட்டை எஞ்சினோடு பிடிக்கும் இரண்டு ஸ்குறூக்களை மட்டும் கழற்றினால் ரைமிங் குலையாமல் அப்படியே வெளியே வரும். கீழே உள்ள நாக்கு நடுவிலிருந்து சற்று விலகி இருப்பதால், திரும்பப் போடும்போது ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும், அதைப் பற்றிப் பயமில்லை. கார்பறேற்றரிலிருந்து வரும் வக்யூம் குழாயையும் கொயில் வயரையும் கழற்ற மறவாதீர்கள்.

மேசையில் வைத்து, பொயின்ற்றைக் கழற்றுங்கள். ஃபைபர் வாஷர்கள் எந்த ஒழுங்கில் இருந்தன என்று ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒன்று மாறினால் பொயின்ற் ஏர்த் ஆகி, ஸ்பார்க்கே வராது. வக்யூமின் ஸ்பிறிங்கைத் தட்டின் முளையிலிருந்து விடுத்து, தட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்குறூக்களைக் கழற்றித் தட்டை எடுங்கள். இப்போது வெயிற்றுகள் வெளிச்சத்துக்கு வரும். காமையும் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் இப்போது மட்டும் அந்த நடு ஸ்குறூவைக் கழற்றலாம். ஆனால் கழற்ற முன், றோட்டரின் காடி கீழ் நாக்கோடு பார்க்கையில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். காம் அரைச் சுற்று மாறியும் உட்காரும். அப்படி மாறிப் போட்டால் எல்லாம் சரியாக இருந்தும் கார் ஸ்ராட் ஆகாது, பொழுது முழுக்கத் தேட வைக்கும்.

இரண்டு ஸ்பிறிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லியது, எப்போதும் இழுத்திருக்கும். மற்றது தடித்தது, சில டிஸ்ரிபியூட்டர்களில் தொளதொளவென்று ஆடும். ஆடுகிறது என்று அதன் கொழுக்கியை நெரிக்க வேண்டாம். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் அது வேலைக்கு வரவேண்டும், அதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் பெற்றோலில், வெளியே, நெருப்பில்லாத இடத்தில் கழுவி, துருவை மெதுவாக எடுத்து, முளைகளுக்கு எண்ணெய் தொட்டுப் பூட்டுங்கள். காமை ஷாஃப்ற்றில் மாட்ட முன் ஷாஃப்ற் முழுவதும் எண்ணெய் தடவுங்கள்.

இந்தக் குறியில் இன்னொன்றையும் பாருங்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, அதில் ஓட ரைமிங்கைப் பின்னுக்கு வைக்கவேண்டும். அந்த நாட்களிலிருந்து கொட்டிலில் நின்று இப்போது வெளியே வரும் கார் என்றால், வெயிற்றுகள் சரியாக இருந்தாலும் ரைமிங் இன்னும் அந்தப் பழைய இடத்திலேயே இருக்கலாம்.

குறி: ஹாண்டில் திருப்பி அடிக்கிறது, ஐட்லிலேயே நொக்கிங்

வெயிற்றுகள் விரிந்த நிலையில் இறுகிவிட்டன, அல்லது ஒரு ஸ்பிறிங் அறுந்துவிட்டது. ஸ்பார்க் எப்போதும் முந்தி வருகிறது. இது ஆபத்தான குறி. ஸ்ராட் பண்ண ஹாண்டிலால் கையால் சுற்றும்போது எஞ்சின் பின்னுக்கு உதைக்கும், மணிக்கட்டை முறிக்கும் பலம் அதற்கு உண்டு. ஹாண்டில் பிடிப்பவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். இந்தக் குறி இருந்தால், திருத்தும்வரை ஹாண்டிலைத் தொடவே வேண்டாம். திருத்துவது மேலே சொன்னதே. ஸ்பிறிங் அறுந்திருந்தால் அதே டிஸ்ரிபியூட்டர் இலக்கத்துக்குரிய ஸ்பிறிங் வேண்டும், கையில் கிடைத்ததை மாட்டினால் அட்வான்ஸ் கோடு முழுக்க மாறும். இலக்கம் உடம்பில் வெட்டியிருக்கும்.

குறி: மழைக்காலத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

ஐப்பசி கார்த்திகையில், வாடைக்காற்றோடு மழை பிடித்தபிறகு, காலையில் ஸ்ராட் ஆகாது. ஆனால் பொயின்ற்றின் ஸ்பிறிங்கும் கொண்டென்சரும் நல்லவையாகவே இருக்கும். முதலில் மூடியின் உட்பக்க ஈரத்தைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும். தீராவிட்டால் பொயின்ற் கையை விரலால் திறந்து விடுங்கள். டிக்கென்று மூடவேண்டும். சோம்பலாக மூடினால், அல்லது பாதியில் நின்றால், முளையைச் சுற்றியுள்ள ஃபைபர் புஷ் ஈரத்தில் ஊதி, முளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொயின்ற் மூடாவிட்டால் கொயிலில் கரன்ற் சேராது. மெதுவாகச் சுற்றும்போது மூடி, வேகத்தில் மூடத் தவறினால் மேல் வேகத்தில் மட்டும் மிஸ் பண்ணும்.

கையைக் கழற்றி, முளையை மெல்லிய எமரியால் மினுக்கி, புஷ்ஷின் உள்ளே தாளைச் சுருட்டி இரண்டு திருப்பு. தடையில்லாமல் ஆடினால் ஈர்க்கால் ஒரு துளி. சுன்னாகப் பக்கத்து ஒரு கேம்பிறிஜ், மூன்று மாரிகளாக இந்தக் கோளாறோடு நின்று நின்று ஓடியது. புதிய மூடி, புதிய வயர், புதிய கொயில் எல்லாம் போட்டிருந்தார்கள். கடைசியில் போனது ஒரு துளி எண்ணெய்தான்.

குறி: எண்ணெய் விட்ட பிறகுதான் மிஸ் பண்ணுகிறது

இது எனக்கு நடந்தது. காரை வாங்கிய முதல் வருடம், நயினாதீவுக்குப் போக குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்டோம். முதல்நாள் ஒரு மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரைத் திறந்து எண்ணெய்க் கானால் தாராளமாக விட்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று, நல்ல கவனிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பண்ணைப் பாலம் தாண்ட முன் இருமத் தொடங்கியது. வேலணை வரும்போது இரண்டு சிலிண்டர் மட்டும் ஓடுவது போல இருந்தது, புங்குடுதீவுக்குள் போய் நின்றேவிட்டது. பின்சீற்றில் அம்மாவும் நேர்த்திப் பாற்செம்பும். அங்கே தேத்தண்ணீர்க் கடையில் இருந்த ஒரு ஐயா எழும்பி வந்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘தம்பி, உதுக்குள்ள என்ன பொரிக்கிறியள்?’ என்று கேட்டார். பிறகு தன் சுருட்டுப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, பொயின்ற்றுக்கு நடுவில் விட்டு இழுத்தார். மட்டை கறுப்பாக வந்தது. ஆறேழு தரம் இழுத்து, மட்டை வெள்ளையாக வந்தபிறகு ஸ்ராட் பண்ணச் சொன்னார். பிடித்தது. படகையும் பிடித்தோம்.

எண்ணெய் பொயின்ற் முகத்தில் பட்டால் ஸ்பார்க்கின் சூட்டில் எரிந்து கரியாகும். கரி கரன்றைத் தடுக்கும். பொயின்ற்றுக்கு நேர் கீழே தட்டில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் இதுதான் என்று நிச்சயம். அவசரத்துக்கு, சுத்தமான கடதாசி மட்டை. வீட்டில் என்றால் மெதிலேற்றட் ஸ்பிறிற்றில் நனைத்த துணி, பிறகு காய்ந்த மட்டை. எமரித் தாளைப் பொயின்ற் முகத்தில் பாவிக்கவேண்டாம், அதன் மணல் முகத்தில் பதிந்து நிற்கும். மேடு பள்ளம் இருந்தால் மெல்லிய பொயின்ற் அரத்தால் ஒரு தரம், அதற்கும் மேலே என்றால் புதியதைப் போடுங்கள். புதிய பொயின்ற்றின் முகத்திலும் துருப்பிடிக்காமல் ஒரு பூச்சு இருக்கும், போடமுன் ஸ்பிறிற்றால் துடையுங்கள்.

மூடியின் உட்பக்கமும் எண்ணெய் தெறித்திருந்தால் முழுவதும் துடைக்கவேண்டும். எண்ணெயில் தூசும் கரியும் ஒட்டினால் அது ஸ்பார்க்குக்கு வழியாகிவிடும்.

நீங்கள் எண்ணெய் விடாமலே உள்ளே எண்ணெய் நிறைந்திருந்தால், அது எஞ்சினிலிருந்து ஷாஃப்ற் வழியாக ஏறுகிறது. கிராங்கேஸின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விடயம். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் பின்னல் வயர் ஒன்று, ஏர்த்துக்காக இருக்கும். எண்ணெய் விட மூடியைத் திறந்து மூடும்போது, ஏற்கனவே நைந்திருந்த அந்த வயர் அறுந்துபோவதுண்டு. குறி அதே மிஸ்ஸிங்தான், ஆனால் பொயின்ற் சுத்தமாக இருக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

குறி: ரைமிங் ஒரு இடத்தில் நிற்கவில்லை, இடைவெளி ஒவ்வொரு மேட்டிலும் வேறு

காமைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. நெடுங்காலம் எண்ணெய் இல்லாமல் ஓடியதன் கணக்கு இது, இனி எண்ணெய் விட்டுத் தீராது. தடித்த எண்ணெய் விட்டால் இரண்டு நாள் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். நல்ல லேத்காரரிடம் கொடுத்துப் புஷ் போடுங்கள். நுண்துளை வெண்கலப் புஷ் கிடைத்தால், போடமுன் ஒரு நாள் முழுதும் எஞ்சின் எண்ணெயில் ஊறவிடச் சொல்லுங்கள். அது எண்ணெயைக் குடித்துவைத்துக்கொண்டு ஓடும்போது கசியவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண பித்தளையைக் கடைந்து போட்டால் அந்தக் குணம் இருக்காது.

ஷாஃப்ற்றும் தேய்ந்திருந்தால், இன்னொரு டிஸ்ரிபியூட்டர் தேடுவதுதான் வழி.

பொயின்ற்றை எடுத்துவிட்டு எலெக்ரோனிக் பெட்டி போட்டவர்கள், இனி எண்ணெயே தேவையில்லை என்று நினைக்கிறார்கள். காமுக்கும் குதிக்கும்தான் தேவையில்லாமல் போனது. ஸ்குறூவுக்குக் கீழும் வெயிற்றுக்கும் எண்ணெய் முன்புபோலவே வேண்டும். புஷ் ஆட்டத்தையும் அந்தப் பெட்டி கொஞ்சம்தான் மறைக்கும்.

குறி: அரை மிதியில் தயக்கம், முழு மிதியில் சரி

கார்பறேற்றர் பக்கத்து உறிஞ்சலால் ஸ்பார்க்கை முந்தவைக்கும் வக்யூம் அட்வான்ஸ் வேலை செய்யவில்லை. கார்பறேற்றர் பக்கத்தில் அந்த மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பொயின்ற் தட்டு அசைந்து, விட்டதும் திரும்பவேண்டும். காற்று தடையில்லாமல் வந்தால் வக்யூம் பெட்டிக்குள் உள்ள சவ்வு (டயபிறம்) கிழிந்துவிட்டது. காற்று நின்று, தட்டு அசையாவிட்டால் தட்டு இறுகியிருக்கிறது. இரண்டு தட்டும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் ஒரு துளி, ஆட்டிப் பார்த்து இன்னொரு துளி.

குறி: டிஸ்ரிபியூட்டர் திரும்பவே மாட்டேன் என்கிறது

ரைமிங் வைக்கக் கிளாம்பைத் தளர்த்தினாலும் உடம்பு அசையாது. அலுமினிய உடம்பும் உருக்குக் கிளாம்பும் உப்புக் காற்றில் ஒன்றாகிவிட்டன. வக்யூம் பெட்டியைப் பிடியாக வைத்துத் திருப்பாதீர்கள், அது முறியும். கழுத்தைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுத்து, காலையில் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்து முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக ஆட்டுங்கள். வெளியே வந்ததும் கழுத்தைச் சுத்தம் பண்ணி, மெல்லிய கிறீஸ் பூசி இறக்குங்கள்.

எல்லாம் பூட்டியபிறகு றோட்டரைக் காடியில் சரியாக அழுத்தி, மூடியின் இரண்டு கிளிப்பும் உட்கார்ந்ததா என்று பார்த்து, கோண்டாவிலில் இருந்து மானிப்பாய் வரையாவது ஒரு ஓட்டம் ஓடி வாருங்கள். றோட்டர் டக்கென்று திரும்புகிறது, பொயின்ற் வெள்ளையாக இருக்கிறது, காமில் பளபளப்பு இருக்கிறது, இன்னும் வண்டி இழுக்கவில்லையா? சரி, இப்போது கார்பறேற்றருக்குப் போகலாம். அங்கேயும் எதையும் கழற்ற முன், எஸ்யூ கார்பறேற்றர் என்றால், தலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்து, டாம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.